ராஜினியின் வீடு இறங்கிய வருடம்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, தை மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், செம்பன்குளத்தில் மேசன் சதீஸின் வீடு நான்கு அங்குலம் நிலத்துக்குள் இறங்கியது. அந்தக் கிழமை பூநகரியில் கத்தரிக்காய் கிலோ முந்நூற்றிருபது விற்றது, பரந்தன் பஸ் அப்போதும் வரவில்லை, குளம் நிரம்பி வான் பாய்ந்தது. ஊரில் எல்லாம் ஒரே அளவாகத்தான் பேசப்பட்டன. வீட்டில் ஒரு வெடிப்பும் விழவில்லை. குசினித் தட்டில் இருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டவில்லை. சபை ஆராதனை முடிந்து திரும்பி வந்த பத்துப் பேரும், தகப்பன், தாய், எட்டுப் பிள்ளைகள், வழக்கம்போல முதல் படிக்கென்று காலைத் தூக்கி, அது அங்கே இல்லாமல் ஒருவர் பின் ஒருவராகத் தடுமாறினார்கள். ஐந்து படி ஏறிப் போகிற வீட்டில் கீழ்ப்படி முக்கால்வாசி மண்ணுக்குள் போயிருந்தது. சதீஸ் அளவு நாடாவை எடுத்து அளந்தான். பிறகு எல்லோரும் உள்ளே போய்ச் சோறு சாப்பிட்டார்கள், ஏனென்றால் நேரம் ஒரு மணி ஆகிவிட்டிருந்தது.

சதீஸுக்கும் ராஜினிக்கும் எட்டுப் பிள்ளைகள். இந்தக் காலத்தில் எட்டா என்று வாயில் கை வைத்தவர்களிடம், ஆண்டவர் தந்தார், நான் என்ன திருப்பியே அனுப்புறது என்று சதீஸ் சிரிப்பான். மூத்தவள் ரூத்துக்குப் பன்னிரண்டு வயது. அடுத்தவன் யோசுவா. நடுவில் ஆணும் பெண்ணுமாக ஓர் இரட்டை. கடைசிக் குழந்தை இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது. எட்டில் ஆறு பேர் பள்ளிக்கூட வயதுக்காரர். ஆறு பேரும் பள்ளிக்கூடம் போகவில்லை. கொரோனாவுக்கு மூடிய பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் டீசல் இல்லாத வருடம் வந்தது. டீசல் வந்தபோது பஸ் தன் பழைய வழியை மறந்திருந்தது. பள்ளிக்கூடம் ஒன்பது கிலோமீற்றர்; நடுவில் மர நிழல் கூட இல்லாத உப்புவெளி. அயல் சனங்கள் பிள்ளைகளை விடுதிகளில் கொண்டுபோய் விட்டார்கள். ராஜினி மட்டும் ஒரே பிடியாக நின்றாள். "என்ர பிள்ளையள நான் ஒரு விடுதிக்கும் குடுக்கமாட்டன். நானே படிப்பிக்கிறன்."

அவள் ஏன் அப்படி நின்றாள் என்பது ஊருக்குத் தெரியும். இடப்பெயர்வில் தாயும் தகப்பனும் போன பிறகு, அவளும் அவளுடைய அக்கா கிருசாந்தியும் வேறு வேறு சிறுவர் இல்லங்களில் வளர்ந்தவர்கள். எட்டு வயதில் பிரிந்தவளை மறுபடி கண்டபோது ராஜினிக்குப் பதினேழு. இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழத்தான் நினைத்தார்கள், ஆனால் அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ, என்ன குடிக்கிறீங்கள்?" என்று கேட்டாள். விருந்தாளியைக் கேட்பது போல. அந்தக் கேள்வி ராஜினியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது, இன்றுவரை அதை எடுத்துப்போட ஆளில்லை. கிருசாந்தி இப்போது ஓமந்தையில் குடியிருக்கிறாள். மாதத்தில் முதல் சனிக்கிழமை தொலைபேசி எடுப்பாள். சுகமா, சுகம், பிள்ளையள் சுகமா, சுகம், சரி வைக்கிறன். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனதில்லை. தன் எட்டும் நாளைக்கு ஒன்றையொன்று இப்படிச் சுகம் விசாரிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் ராஜினியின் வைராக்கியம்.

ஆகவே வீட்டின் பெரிய அறை பள்ளிக்கூடமானது. சதீஸ் ஒரு சுவரில் கறுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தான். காலை ஐந்தரைக்கு ஜெபம், ஆறரைக்குத் தமிழ், பிறகு சமயம், கணக்கு, சுற்றாடல், ஆங்கிலம். ஒரு மடியில் குழந்தை பால் குடிக்கும், மறு கையில் அகப்பை இருக்கும், வாய் இரட்டையருக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லும், கண் யோசுவா எங்கே ஓடுகிறான் என்று பார்க்கும். பருப்பு அடிப்பிடிக்காத நாள் கிழமையில் இரண்டுதான். வெளிநாட்டிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் ஒரு சஞ்சிகைப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்: ஒரே நிறச் சட்டை போட்ட பத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள், அவர்களை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிற தாய், சுருக்கமில்லாத உடுப்பு, எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு. உற்சாகத்துக்கு இருக்கட்டும் என்று ராஜினி அதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கோதாரி விழுந்த படம். அதைப் பார்த்த நாளெல்லாம் அவள் இன்னும் கூடுதலாகக் களைத்தாள்.

பக்கத்து வளவில் கமலாசனி என்றொருத்தி இருந்தாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்து, பல்கலைக்கழகம் கிட்டாமல், இப்போது தையல் மெசினோடு இருப்பவள். முருகன் கோயில்காரி. வேலிக்கு அப்பாலிருந்து இரண்டு வருடமாக ராஜினியின் கணக்குப் பாடத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு விசர் பிடிக்காத குறை. ராஜினி சாதாரண தரத்தில் கணக்கைக் கோட்டை விட்டவள்; அட்சரகணிதம் வந்தால் எழுத்துகளை எங்காவது தொலைத்துவிடுவாள். பொறுக்க முடியாத நாளில் கமலாசனி மெசினை நிறுத்திவிட்டு, "ஐயோ பிள்ளை, அந்தக் கழித்தலை அங்கால கொண்டுபோனால் கூட்டலாகும்!" என்று கத்துவாள். நான் வந்து சொல்லிக் குடுக்கட்டே என்று மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் ராஜினி சிரித்த முகத்தோடு, "வேண்டாமக்கா, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றாள்.

அந்தச் சொல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. பாட்டு முடிந்து, பிரசங்கம் தொடங்க முன்னர், விசுவாசிகள் ஒவ்வொருவராக எழும்பி அந்தக் கிழமை கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்வார்கள். தோல்வியை வாயால் அறிக்கை பண்ணக்கூடாது, பண்ணினால் அது நிலைத்துவிடும் என்பது அங்கே எழுதாத சட்டம். பாஸ்ரர் கெட்ட மனிதர் அல்ல. பசித்தவனுக்குத் தன் சாப்பாட்டைக் கொடுக்கிறவர். ஆனால் சோர்வு என்ற சொல்லைக் கேட்டால் பாம்பைக் கண்டது போலப் பின்வாங்குவார். சாட்சி சொல்வதில் ராஜினிதான் சபைக்கே மாதிரி. மடியில் குழந்தையோடு எழும்பி, "பிள்ளையள் நல்லாப் படிக்கினம். எனக்கு ஒரு களைப்பும் இல்லை. கர்த்தர் என்னை ஒவ்வொரு நாளும் பெலப்படுத்துறார்" என்பாள். தகரக் கொட்டகை அதிர அல்லேலூயா போடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது, ஆனால் அந்தக் கொட்டகையில் எல்லோருடைய கோப்பையிலும் ஒரு பூசணிக்காய் இருந்ததால் ஒருவரும் மற்றவரின் சோற்றைக் கிளறிப் பார்க்கவில்லை.

வீடு இறங்கத் தொடங்கியதும் ஆளாளுக்கு ஒரு காரணம் கொண்டுவந்தார்கள். கறையான் என்றார்கள். அடியில் பழைய கிணறு என்றார்கள். மணலில் வீடு கட்டினவனுக்கு என்ன நடந்தது எண்டு சபைக்காரருக்குத் தெரியாதோ என்று கோயில் பக்கம் ஒரு பகிடி ஓடியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சதீஸுக்குத்தான் வெட்கம்: ஊருக்கெல்லாம் அத்திவாரம் போடுகிற மேசன், தன் கையால் போட்ட அத்திவாரம். மூலையைத் தோண்டிப் பார்த்தான், கல் கல்லாகவே இருந்தது. கிராம சேவகர் ஐயாத்துரை சைக்கிளில் வந்து சுற்றிப் பார்த்தார். அவருடைய சேதப் படிவத்தில் வெள்ளம், புயல், தீ, யானை என்று நான்கு கூடுகள்தான் இருந்தன. நெடுநேரம் யோசித்து, "வீட்டுக்குச் சேதமில்லை, உயரம் மட்டும் குறைவு" என்று எழுதிவிட்டுப் போனார். அது முழு உண்மை.

சித்திரைக்குள் ஐந்து படியும் போயின. ஆனியில் வாசற்கதவைத் திறந்தால் எதிரே முழங்காலளவு மண் நின்றது. அந்த மண்ணில் ஒரு பிடி கூட உள்ளே விழவில்லை, வெட்டி வைத்த தொதல் பலகாரம் போல நேராக நின்றது. மேலே கறுப்பு, நடுவில் செம்மண், கீழே சாம்பல் நிறக் களி. ராஜினி அதையே சுற்றாடல் பாடமாக்கினாள். பிள்ளைகள் மண்புழுவுக்குப் பெயர் வைத்தார்கள். புரட்டாதியில் யன்னல் அடிக்கட்டை முற்றத்தோடு சமமாக வந்தது. சதீஸ் யன்னல் கம்பிகளைக் கழற்றி, உட்பக்கம் மூன்று மரப்படி அடித்துக் கொடுத்தான். அதன் பிறகு பத்துப் பேரும் யன்னலால் போய் வந்தார்கள். பழகிவிட்டால் எதுவும் வாசல்தான்.

ராஜினிக்கு மட்டும் அது பழகவில்லை. வீடு ஏன் இறங்குகிறது என்று அவளுக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். குசினிக்குள் நின்று தான் முணுமுணுப்பதுதான் காரணம். மடைச் சனியன், ஏலாத சீவியம் என்று சட்டிபானைக்குச் சொன்னதெல்லாம் கர்த்தரின் காதில் விழுந்து, அவர் வீட்டை ஓர் அமத்து அமத்துகிறார். ஆகவே அவள் முணுமுணுப்பை நிறுத்தினாள். சதீஸிடம் கூடக் கால் நோகிறது என்று சொல்லவில்லை. அவன் கேட்டால், "ஒண்டுமில்லையப்பா" என்றாள். ஞாயிறு வந்தால் முன்னைவிட உரத்துச் சாட்சி சொன்னாள். ஒரு ஞாயிறு இரண்டு தரம் எழும்பினாள். அன்றைக்கு வீடு பதினொரு அங்குலம் போயிருந்தது.

அந்த வருடம் ரூத்துக்கு வரைபு என்ற பாடம் வந்தது. கிடையாக ஞாயிறுகளையும் நிலைக்குத்தாக அங்குலங்களையும் போட்டு, தகப்பனின் அளவுகளை வைத்து ஒரு கோடு கீறினாள். கோடு மூன்று இடத்தில் இறங்காமல் படுத்துக் கிடந்தது. ஒன்று, கடைக்குட்டிக்குக் காய்ச்சல் என்று தாய் சபைக்குப் போகாத கிழமை. மற்றது, மழைக்குக் கொட்டகை பூட்டிய கிழமை. மூன்றாவது, வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் பாட்டு முடிந்த கையோடு தொடங்கி நேரம் முழுக்கப் பேசியதால் சாட்சி நேரம் இல்லாமற் போன கிழமை. ரூத் கொப்பியைக் கொண்டுபோய்க் குசினியில் நின்ற தாய்க்குக் காட்டினாள். "அம்மா, நீங்கள் சாட்சி சொல்லாத கிழமை வீடு இறங்கேல்லை."

ராஜினி அகப்பைக் காம்பால் பிள்ளைக்கு ஒன்று போட்டாள். "சாட்சி சொல்லி வீடு தாழுமோ? உனக்குப் பிசாசே கணக்குப் படிப்பிக்குது?"

"இல்லையம்மா" என்றாள் ரூத், கையைத் தேய்த்துக்கொண்டு. "நீங்கள்தான் படிப்பிச்சனீங்கள்."

ராஜினி அந்தக் கொப்பியை அரிசிப் பெட்டிக்குள் வைத்தாள், எரிக்கவில்லை.

ஐப்பசியில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருப்பதாகத் தகவல். அதிகாரி கார்த்திகை மாதம் வீட்டுக்கு வந்து பார்ப்பார். கல்வி திருப்தியில்லை என்றால் தை மாதத்திலிருந்து பிள்ளைகள் விடுதியில் நின்று படிக்க வேண்டும். நல்ல மனத்தோடுதான் பாஸ்ரர் இடம் தேடி வைத்தார். பெண்பிள்ளைகளுக்குக் கிளிநொச்சியில் ஒரு விடுதி, பெரிய ஆண்பிள்ளைகளுக்கு வவுனியாவில் இன்னொன்று, சின்னவனுக்கு மூன்றாவது ஒன்று. இரட்டையில் பெண் ஓரிடம், ஆண் ஓரிடம். அவர் அதைத் தாளில் எழுதி, யன்னலால் குனிந்து ராஜினியின் கையில் கொடுத்தார். ராஜினி வாசித்துவிட்டு, "ஸ்தோத்திரம் பாஸ்ரர்" என்றாள். அவர் தலை மறைகிற மட்டும் சிரித்த முகத்தோடு நின்றாள். பிறகு இரட்டையர் இரண்டு பேரையும் மடியில் இருத்தி, இரண்டு தலையிலும் மாறி மாறி எண்ணெய் வைத்தாள். அன்று முற்பகல்தான் வைத்திருந்தாள்.

கல்வி அதிகாரியின் பெயர் சுமித்திரா. நாற்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்தில் தாயோடு இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, கிழமை நாட்களில் கிளிநொச்சியில் அறையெடுத்துத் தங்கி, தன் பழைய ஸ்கூட்டரில் குளம் குளமாக அலைகிறவள். கார்த்திகை இருபத்தோராம் திகதி காலை பத்து மணிக்கு வந்தாள். ஊர்ப் புதினம் அவளுக்கும் எட்டியிருந்ததால் வீட்டைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. செருப்பைக் கழற்றி யன்னலுக்கு வெளியே வைத்து, சேலையை ஒதுக்கி, மரப்படியால் உள்ளே இறங்கினாள். "வாங்கோ மிஸ், இருங்கோ" என்று ராஜினி கதிரையைத் துடைத்துப் போட்டாள். எட்டுப் பேரும் உயர வரிசையில் நின்று காலை வணக்கம் சொன்னார்கள், கடைக்குட்டியைத் தவிர.

சுமித்திரா பிள்ளைகளை வாசிக்கச் சொன்னாள். நன்றாக வாசித்தார்கள். சொல்வதெழுதல் கொடுத்தாள், யோசுவாவைத் தவிர எல்லோரும் தப்பினார்கள். மண் அடுக்கைப் பற்றிக் கேட்டாள். சின்ன வகுப்புக்காரி எழும்பிப் போய்க் கதவைத் திறந்தே காட்டினாள். கணக்கு வந்ததும் ஒவ்வொருவராகப் பென்சிலைக் கீழே வைத்தார்கள். ரூத் மட்டும் பாதிவரை போய் நின்றாள். சுமித்திரா மடியில் படிவத்தை விரித்து, ஒவ்வொரு கேள்வியாக நிரப்பிக்கொண்டு வந்து, ஏழாம் கேள்வியில் பேனையை நிறுத்தினாள். "பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் பெற்றோருக்கு ஏதும் இடர்ப்பாடு உண்டா? ஓமோ, இல்லையோ?"

ஓம் என்றால் பிள்ளைகள் போய்விடும். பாஸ்ரர் எழுதித் தந்த தாள் அரிசிப் பெட்டியில், ரூத்தின் கொப்பிக்கு மேல், மூன்று ஊரின் பெயரோடு கிடக்கிறது. ராஜினி குழந்தையை இடுப்பில் உயர்த்தி, சாட்சி நேரத்து முகத்தைப் போட்டுக்கொண்டாள். "இல்லை மிஸ். ஒரு கஷ்டமும் இல்லை."

வீடு ஓர் அடி இறங்கியது. யன்னலின் கீழ்ப்பாதியில் முற்றத்து மண் எழும்பி வந்து நின்றது. சுமித்திராவின் செருப்பு கண் மட்டத்துக்குப் போனது. அவளுக்கென்று கதிரைக்குப் பக்கத்தில் வைத்திருந்த தேத்தண்ணி தளும்பவில்லை.

"படிப்பிக்க எனக்கு நல்ல விருப்பம். களைப்பே வாறேல்லை."

இன்னும் ஓர் அடி. அறை மங்கியது. இரட்டையர் ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொண்டார்கள். ரூத் தாயைப் பார்த்தாள். அடி வாங்கின கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கர்த்தர் என்னை ஒவ்வொரு நாளும்…" என்று ராஜினி தொடங்கினாள். யன்னலின் மேல்விளிம்பில் ஒரு சாண் வெளிச்சம்தான் மிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் எட்டுத் தலையையும் எண்ணினாள். மண்ணுக்குள் போனாலும் எட்டும் ஒன்றாகப் போகும் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பே அவளைப் பயப்படுத்தியது. பிள்ளைகளைத் தன்னோடு வைத்திருக்க வேண்டும் என்று நின்றவள், அவர்களை இதற்குள் வைத்திருக்கவா நின்றாள்? குழந்தையை ரூத்திடம் கொடுத்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்தினாள்.

"எனக்கு ஏலாமக் கிடக்கு, மிஸ்."

வீடு நின்றது.

"நான் பொய் சொல்லிப்போட்டன். எனக்கு ஏலாது. விடியக் கண் முழிக்கேக்கயே அழுகை வருது. கணக்கு எனக்கே தெரியாது, தெரியாததைத்தான் படிப்பிக்கிறன். யோசுவாவுக்கு ஏன் எழுத வருகுதில்லை எண்டு விளங்கேல்லை. கோவத்தில பிள்ளையளுக்கு அடிக்கிறன், பிறகு குசினிக்க போய் அழுறன். ரெண்டு வருசமா ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை. ஆனா மிஸ், இதுகளைப் பிரிச்சுப்போடாதேங்கோ. நான் பிரிஞ்சு வளந்தனான். என்ர அக்கா என்னை வாங்கோ இருங்கோ எண்டு கதைக்கிறா. என்ர பிள்ளையளும் அப்பிடிக் கதைக்கவேண்டாம்."

அவள் பேசப் பேச வீடு ஏறியது. சத்தமில்லாமல், வாளி கிணற்றிலிருந்து வருவது போல ஒரே சீராக. முதலில் செருப்பு வந்தது, பிறகு முற்றம், பிறகு வேலி, வேலியில் வாயைத் திறந்தபடி நின்ற கமலாசனி. கதவு நிலை முற்றத்தோடு சமமாக வந்ததும் நின்றது. திறந்திருந்த கதவால் கோழி ஒன்று உள்ளே வந்தது.

சுமித்திரா கண்ணைத் துடைத்தாள். "பதினொரு வருசமா இந்தப் படிவம் நிரப்புறன், தங்கச்சி. ஒரு தாயும் இந்தக் கேள்விக்கு ஓம் எண்டு சொன்னதில்லை. நானும் இல்லை எண்டு எழுதி எழுதிக் கை பழகிப்போச்சு. அதுக்குக் கீழ என்ன கிடக்கு எண்டு பாருங்கோ." அவள் விரல் வைத்த இடத்தில், ஆம் எனில் தேவைப்படும் உதவியைக் குறிப்பிடுக என்று எழுதி, நான்கு கோடு வெறுமையாக இருந்தது. "விடுதி எண்டது இந்தக் கோட்டில ஒண்டும் எழுதாதவைக்குத்தான். சொல்லுங்கோ, என்ன வேணும்?"

 தனக்கு என்ன வேண்டும் என்று ராஜினியை ஒருவரும் கேட்டு நாளாகிவிட்டது. "கணக்குக்கு ஓராள்…" என்று இழுத்தாள்.

"அடி விசரி! ரெண்டு வருசமா வேலியால கத்துறன், உனக்குக் காது கேக்கேல்லையே!" என்று கமலாசனி வெளியிலிருந்து போட்ட சத்தத்தில் கோழி திரும்பி ஓடியது. சுமித்திரா முதல் கோட்டில் கமலாசனியின் பெயரை எழுதினாள். இரண்டாம் கோட்டில் பஸ் என்று எழுதினாள். மூன்றாம் கோட்டில் யோசுவாவின் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதினாள், ஏனென்றால் அவன் கரும்பலகையை மூக்கால் வாசிப்பதை அவள் கவனித்திருந்தாள். நான்காவதை ராஜினியே பேனை வாங்கி நிரப்பினாள். என்ன எழுதினாள் என்று இரண்டு பேரும் இதுவரை சொல்லவில்லை. போகும்போது சுமித்திரா கதவால் போனாள். தையில் பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை இருக்கும், அதில் நான் ஒன்றும் செய்ய ஏலாது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் ராஜினி எழும்பினாள். "இந்தக் கிழமை எனக்கு ஏலாமப் போச்சு. அயலில கோயில்காரப் பெண்பிள்ளை ஓராள் வந்து கை குடுத்தவா. அவவைக் கர்த்தர்தான் அனுப்பினார் எண்டு நான் நினைக்கிறன், அவா முருகன் எண்டு நினைக்கிறா. நாங்கள் அதில சண்டை பிடிக்கேல்லை" என்றாள். ஒருவரும் அல்லேலூயா போடவில்லை. பாஸ்ரர் மேற்சட்டைப் பொத்தானைத் தடவினார்.  அப்போது முன்வரிசையில், எப்போதும் தலைகுனிந்தே இருக்கிற பாஸ்ரரின் மனைவி எழும்பி, "எனக்கும் ஏலாமத்தான் கிடக்கு" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழும்பினாள். அன்று பிரசங்கம் நடக்கவில்லை, நேரம் காணாமல் போய்விட்டது. வீடு திரும்பிய சனங்களில் நாலைந்து பேர் தங்கள் வாசற்படியில் தடுமாறினார்கள். அவர்களுடைய வீடுகளும் ஒன்றரை, இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தன. இவ்வளவு நாளும் எவ்வளவு தாழ்ந்திருந்தன என்று அளக்க அவர்களுடைய வீட்டில் மேசன் இருக்கவில்லை.

தையில் ஆறு பிள்ளைகள் சோதனை எழுதி, ஐந்து பேர் தேறினார்கள். யோசுவா கண்ணாடி போட்டுக்கொண்டும் கணக்கில் விழுந்தான். பரந்தன் பஸ் அந்த மாதத்திலிருந்து காலையில் ஒரு தரம் வரத் தொடங்கியதால், அவனும் துணைக்கு ரூத்தும் பள்ளிக்கூடம் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்தார்கள். முதல் நாள் பஸ் உப்புவெளியில் சிறுத்து மறைகிற மட்டும் ராஜினி நின்று அழுதாள். அது உண்மை அழுகை, வீடு அசையவில்லை. பாக்கிப் பேருக்கு அவளே தமிழ் படிப்பித்தாள், கமலாசனி கணக்குப் படிப்பித்தாள், பருப்பு இப்போதும் அடிப்பிடித்தது. வெள்ளைக்காரக் குடும்பத்தின் படத்தை இரட்டையர் ஒருநாள் கொப்பிக்கு உறை போடக் கேட்டார்கள், கொடுத்துவிட்டாள். வீடு ஒரு படியில் நின்றது, பிறகு இரண்டு படி. சில நாட்களில் ராஜினி வாய் தவறி யாருக்காவது எல்லாம் நல்லம் என்று சொல்லிவிட்டால் விரற்கடை தாழும். பிள்ளைகள் கொப்பியிலிருந்து தலை நிமிர்த்தாமலே, "அம்மா, இறங்குது" என்பார்கள். அவள் திருத்திச் சொல்லுவாள்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு, ஆனி மாதத்தின் முதல் சனிக்கிழமை ஓமந்தையிலிருந்து அழைப்பு வந்தது. சுகமா என்றாள் கிருசாந்தி. "ஓம், நல்ல சுகம்" என்றாள் ராஜினி.

"அம்மா, இறங்குது" என்றது இரட்டை, இரண்டு வாயாலும்.

ராஜினி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். "சுகமில்லையக்கா" என்றாள். "இருவத்தைஞ்சு வருசமா எனக்குச் சுகமில்லை."

அங்காலே சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று ராஜினி நினைத்தாள். சரியாக ஒரு கிழமை கழித்து, அடுத்த சனி, பஸ்ஸிலிருந்து ஒரு பெண் பையோடு இறங்கி, ஊரில் ஒருவரிடமும் வழி கேட்காமல் நேரே வந்து, இரண்டு படியும் ஏறி, விறாந்தையில் நின்றாள். எட்டுப் பிள்ளைகளும் எழும்பி நின்றார்கள். ராஜினி கதிரையை இழுக்கப் போனாள். கிருசாந்தி வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தாள்.

"உன்ர வீடு இறங்குமெண்டு சனம் கதைக்குது. மெய்யே?"

"ஓமக்கா. இறங்கும்."

"என்ர வீட்டுக்கு இப்ப யன்னலாலதான் போறது" என்றாள் கிருசாந்தி. "ஆருக்கும் சொல்லேல்லையடி. உனக்குத்தான் சொல்லுறன்."

இரண்டு பேரும் குசினிக்குள் போனார்கள். ரூத் கேத்திலை அடுப்பில் வைத்தாள். சதீஸ் நாளைக்கு ஓமந்தைக்குப் போக வேண்டியிருக்கும் என்று அளவு நாடாவை எடுத்துப் பையில் போட்டான். அந்த மத்தியானம் வீடு மூன்றாவது படிக்கு ஏறியது. ஒருவரும் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.